குருதி கூறும் சான்று

நோயையும், அதன் காரணத்தையும், தணிக்கும் வழியையும் முறையே ஆராய்ந்து மருத்துவஞ் செய்க என்பது 'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறி. அந்நெறியின் அருமை, மூளையிற் குருதி கசிந்து பாரிசவாதமுற்றாரின் படுக்கையருகே நிற்பார்க்கு நன்கு விளங்கும்.

மூளையின் குருதிக்குழாய் வெடித்தவிடத்து அறிவு மயங்கும். விழுங்குந் திறன் குன்றும். உமிழ்நீரும் உணவும் வழிதவறிச் சுவாசப்பையை அடையும். அன்றியும், மூளைக்கு நேர்ந்த ஊறு உடலின் எதிர்ப்புச் சத்தியையும் தளர்த்திவிடும். ஆதலின் நியுமோனியாவும் சிறுநீர்வழித் தொற்றும் எளிதிற் பற்றும். பாரிசவாதமுற்றோருள் ஏறத்தாழ 10 பேரில் 3 பேர் ஏதேனுமொரு தொற்றுக்கு ஆளாவர்.

இனி, இடர் யாதெனின், தொற்றின் அடையாளங்களாகிய காய்ச்சலும் வெண்குழியப் பெருக்கமும் தொற்றின்றியும் தோன்றுதலேயாம். கசிந்த குருதியே, சிறப்பாக மூளையின் உட்குழிகளிற் புகுந்தவிடத்து, காய்ச்சலை எழுப்பவல்லது. நோவை எடுத்துரைக்க நோயாளிக்கோ நாவெழாது. எனவே வைத்தியர் குருதியையே சான்று வினவுகின்றனர்.

அச்சான்றுகளுள் மூத்தது சீ-தாக்கப் புரதம். 1930 ஆம் ஆண்டில் நியூ யோர்க்கு றொக்பெல்லர் நிலையத்தில் தில்லெற்று, பிரான்சிசு என்னும் இருவர் நியுமோனியா நோயாளரின் குருதியில் இதனைக் கண்டனர். ஈரலில் உண்டாகும் இப்புரதம் அழற்சி தோன்றிச் சில மணி நேரத்தில் உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாளில் உச்சமடையும். ஆயின், கிருமியால் வந்த அழற்சியையும் மூளைப் புண்ணால் வந்த அழற்சியையும் இது பிரித்தறியாது. படலையைத் திறப்பார் உற்றாராயினும் கள்வராயினும் குரைக்கும் நாயை இது ஒக்கும்.

இளையது புரோகல்சிற்றோனின். நலமுள்ளார் குருதியில் இது மிக அற்பம். பற்றீரியா கடுமையாகத் தாக்குமிடத்து உடலின் பல இழையங்களும் இதனைச் சுரக்க, ஒரு நாளுக்குள் பன்மடங்கு பெருகும். தொற்றுத் தணிய, நாடோறும் ஏறத்தாழப் பாதியாகும். இவ்வுறவை 1993 இல் பிரான்சிய ஆய்வாளர் வெளியிட்டனர். மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராமுக்கு மேற்படின் பற்றீரியாத் தொற்றை ஐயுறுதல் வழக்கு. எனினும், ஓரிடத்தில் அடங்கிய தொற்றில் இது உயராதிருத்தலும், பெருஞ் சத்திரசிகிச்சையின் பின் தொற்றின்றியே உயர்தலும் உண்டு.

அங்ஙனமாயின், எல்லார்க்கும் முன்கூட்டியே நுண்ணுயிர்கொல்லி வழங்கினாலென்ன என மாணவர் வினவலாம். நெதர்லாந்தில் ஏறத்தாழ 2,500 பேரிடம் அவ்வாறு செய்து பார்த்தனர். தொற்றுகள் குறைந்தனவேனும் நோயாளர் மீட்சி மேம்படவில்லை என 2015 இல் அறிவித்தனர். வேண்டாவிடத்து வழங்கும் மருந்து, அதற்கு அடங்காத கிருமிகளையும் வளர்த்துவிடும். குருதியடைப்பால் வந்த பாரிசவாதத்தில் புரோகல்சிற்றோனினை வழிகாட்டியாகக் கொண்டு மருந்தீந்த ஆய்வும் (2017) மீட்சியைக் கூட்டவில்லை.

ஆகவே, சான்று வேறு, தீர்ப்பு வேறு. ஒருநாள் அளவையன்றிப் பன்னாள் ஏற்றத்தாழ்வை நோக்கி, மார்பின் எக்சுக்கதிர்ப் படம், கிருமி வளர்ப்புச் சோதனை, நோயாளியின் நிலை என்பவற்றோடு ஒப்பிட்டே வைத்தியர் துணிதல் வேண்டும்.

எம்போன்றோர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நோயுற்றாருக்கு அன்பினால் நாம் வாயில் வார்க்கும் ஒரு மிடறு நீரே சுவாசப்பையிற் புகுந்து கேடு செய்யலாம். விழுங்குந் திறனை மருத்துவமனையிற் சோதித்தறியும்வரை ஒன்றும் ஊட்டாதிருத்தலே அன்பாகும்.