7,200 ரூபாய் கோழிக்கூண்டு மலிவா, 28,500 ரூபாய் கூண்டு மலிவா?

போன மாசம் ஊர்ல எடுத்த வீடியோல எனக்குப் பின்னாடி ஒரு சின்ன ஓட்டுக் கொட்டகை தெரிஞ்சிருக்கும். "அது கோழிக்கூண்டா? எவ்வளவு ஆச்சு?"னு நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஆனது 28,500 ரூபாய். உடனே, "பத்துப் பன்னிரண்டு கோழிக்கு இவ்வளவா, காசோட அருமை பேசுற ஆள் நீங்களே இப்படி பண்ணலாமா?"னு தோணும். எங்க அம்மாவும் அதைத்தான் கேட்டாங்க. அவங்களுக்குச் சொன்ன கணக்கையே இங்கயும் சொல்லிடுறேன்.

இது எங்களோட ரெண்டாவது கூண்டு. எங்க ஊர் திண்டுக்கல் பக்கம். முதல் கூண்டை 7,200 ரூபாய்ல முடிச்சேன். சவுக்குக் கம்பு நட்டு, சுத்தி அறுகோண ஓட்டை போட்ட சாதாரண கோழி வலை கட்டி, மேல தென்னங்கீத்து வேய்ஞ்சது. உயரம் மூணடிதான். "கோழிக்கு எதுக்கு ஆள் உயரம்?"னு கொத்தனார்கிட்ட நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி பேசினேன்.

பத்தொன்பதாவது மாசம், ஒரு மழை ராத்திரியில, 14 கோழில 11 செத்துக் கிடந்துச்சு. வந்தது மரநாய்னு ஊர்ல சொன்னாங்க. தின்னது ஒண்ணோ ரெண்டோதான், மீதியைச் சும்மா கடிச்சுப் போட்டிருந்துச்சு. அடைச்சு வெச்ச இடத்துக்குள்ள புகுந்தா இந்த மாதிரிப் பிராணிகள் அப்படித்தான் செய்யும். அம்மா ரெண்டு மாசம் கோழிப் பேச்சையே எடுக்கல.

எது தப்பாச்சுனு உட்கார்ந்து பார்த்தேன். வலை கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்துக்குத் துரு பிடிச்சு, கையால இழுத்தாலே பிய்ஞ்சு வந்துச்சு. ஏன் துரு பிடிச்சது? எச்சமும் ஈரமும் வலையோட ஒட்டியே கிடந்துச்சு. கோழி எச்சத்துல இருந்து அம்மோனியா வரும். அது ஈரத்தோட சேர்ந்தா கம்பி மேல இருக்கிற துத்தநாகப் பூச்சையே அரிச்சிடும். எச்சம் ஏன் அங்கேயே கிடந்துச்சு? கூட்டிப் பெருக்கல. ஏன் பெருக்கல? மூணடி உயரக் கூண்டுக்குள்ள அறுபது வயசு தாண்டின அம்மா மண்டி போட்டு நுழையணும். ஆரம்பத்துல வாரம் ஒரு தடவை செஞ்சாங்க, அப்புறம் மாசம் ஒரு தடவை, அப்புறம் விட்டுட்டாங்க. மூணடி உயரம்னு நான் மிச்சம் பிடிச்சது ஆயிரம் ரூபாய் இருக்குமா? அந்த ஆயிரம்தான் 11 கோழியைக் கொண்டுபோச்சு.

அதனால ரெண்டாவது கூண்டுக்கு நான் வெச்ச விதி ஒண்ணுதான். பின்னாடி மாத்த முடியாத இடத்துல காசைத் தாராளமா போடணும். எப்ப வேணா மாத்திக்கலாம்ங்கிற இடத்துல கஞ்சத்தனமா இருக்கணும்.

காசு போட்ட இடம்

முதல்ல தளம். ராத்திரி அடையுற அறை 6 அடிக்கு 5 அடி, மொத்தம் 30 சதுர அடி. 12 கோழிக்குத் தலைக்கு இரண்டரை சதுர அடி வரும், நாட்டுக்கோழிக்குத் தாராளம். தரைமட்டத்துல இருந்து ஒரு அடி தூக்கி, மூணு இன்ச் காங்கிரீட் போட்டு, வாசல் பக்கம் வாட்டம் குடுத்தாச்சு. தண்ணி ஊத்திக் கழுவினா தானா வெளிய ஓடிடும். பெருச்சாளி தோண்டிக்கிட்டு வராது, கறையான் வராது. இதை அப்புறம் போட்டுக்கலாம்னு நினைச்சா கூண்டையே பிரிக்கணும். அதனால இங்க கை நடுங்கக் கூடாது.

தளத்துக்கு மேல ரெண்டடி செங்கல் சுவர், நாலு மூலையிலும் செங்கல் தூண், நடுவுல ஆங்கிள் ஃப்ரேம். எச்சம் படுற உயரம் முழுக்கச் செங்கல், கம்பிவலை அதுக்கு மேலதான் தொடங்குது. முதல் கூண்டுல துரு ஏறின இடத்துல இப்ப இரும்பே கிடையாது. உயரம் ஆறரை அடி, ஆள் நுழையுற கதவு. அம்மா நிமிர்ந்து நின்னே பெருக்குறாங்க.

அடுத்தது வலை. கடையில கோழி வலைனு விக்கிற மெல்லிசான அறுகோண வலை கோழியை உள்ள வைக்கிறதுக்கு மட்டும்தான். வெளிய இருந்து வர்ற நாயையோ மரநாயையோ அது தடுக்காது. ராத்திரி அறைக்கு அரை இன்ச் கட்டம் போட்ட வெல்டு மெஷ் வாங்குங்க. அதுக்குள்ள எலியும் நுழைய சிரமப்படும், பாம்பும் சிரமப்படும். கேஜ் நம்பர் குறையக் குறைய கம்பி தடிமன் கூடும். 20 கேஜைவிட 18 கேஜ் தடிமன். கடைக்காரர் "பெரிய நம்பர்தான் சார் ஸ்ட்ராங்"னு சொன்னா அடுத்த கடைக்கு நடைய கட்டுங்க. வெல்டு பண்ணின பிறகு துத்தநாகத்துல முக்கி எடுத்த மெஷ் விலை கூட, ஆனா கம்பி சேர்ற முட்டுலயும் பூச்சு இருக்கும். துரு அந்த முட்டுலதான் ஆரம்பிக்கும்ங்கிறதால அந்தக் கூடுதல் விலை நியாயம்தான். ஃப்ரேம்ல மெஷ்ஷை வெல்டு வெச்சா அந்த இடத்துல பூச்சு எரிஞ்சு போயிடும். அங்க மட்டும் ஜிங்க் பெயின்ட் ரெண்டு கோட் அடிக்கச் சொல்லுங்க. வெல்டர் தானா அடிக்க மாட்டார், பக்கத்துல நின்னு கேக்கணும்.

கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஒரே கொண்டி போட்டா கீழ்முனை வளைஞ்சு சந்து விடும். திண்டுக்கல்காரன், பூட்டுக்கே புவிசார் குறியீடு வாங்கின ஊர்க்காரன், முதல் கூண்டுக்குக் கயிறு கட்டி வெச்சிருந்தேன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

மிச்சம் பிடிச்ச இடம்

பகல்ல உலாவுற அடைப்பு 12 அடிக்கு 10 அடி, கோழிக்குப் பத்து சதுர அடி. இதைக் கூண்டு மாதிரியே பலமா கட்டணும்னு அவசியம் இல்ல. ராத்திரி அறை பேங்க் லாக்கர் மாதிரி. அடைப்பு பகல் நேரக் கடை, ஆளுங்க கண்ணு அது மேல இருக்கு. வேலிக்கு நடுற கல்லுத்தூண் எட்டு வாங்கி ஒன்றரை அடி ஆழத்துல நட்டோம். மரத்தை மண்ணுல நட்டா கறையானுக்குத் தீனி, கல்லுக்கு அந்தப் பயம் இல்ல. நாலடி உயரத்துக்கு ஒரு இன்ச் வெல்டு மெஷ், அதுக்கு மேலயும் கூரையாவும் நைலான் வலை. பருந்துக்கும் காக்காய்க்கும் அது போதும். கிழிஞ்சா மாத்திக்கலாம். மெஷ்ஷோட அடியை மட்டும் ஒரு அடி வெளிப்பக்கமா மடிச்சு மண்ணு போட்டு மூடிடுங்க. நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும், தோண்டின இடத்துல கம்பி தட்டுப்பட்டா விட்டுட்டுப் போயிடும்.

கூரைக்குப் பழைய வீடு இடிச்ச இடத்துல மங்களூர் ஓடு வாங்கினேன். தகரம்தான் சீக்கிரம் முடியும், ஆனா நம்ம ஊர் சித்திரை வெயில்ல அது அடுப்பு. கோழிக்கு வேர்க்கவே வேர்க்காது, வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைக் குறைக்கும். அதனால சுவருக்கும் கூரைக்கும் நடுவுல நாலு பக்கமும் வலை மட்டும் வெச்சுக் காத்து ஓட விட்டாச்சு. நீளப் பக்கம் கிழக்கு மேற்கா ஓடுற மாதிரி அமைச்சா வெயில் நேரா உள்ள விழாது. ஐப்பசி மழைச் சாரலுக்கு ஓடு ரெண்டடி வெளிய நீட்டி இருக்கு.

உள்சாமான்ல ஒரு ரூபாயும் வீணாக்காதீங்க. உட்கார ரெண்டு இன்ச் தடிமன்ல உருட்டின கட்டை, கோழிக்கு எட்டு இன்ச் நீளம். முட்டை போட மூணு பழைய தக்காளி கிரேட், வைக்கோலோட. கிரேட் கட்டையைவிடத் தாழ்வா இருக்கணும். இல்லைன்னா அதுலயே தூங்கி முட்டையை அசிங்கம் பண்ணிடும். தரையில நாலு இன்ச் நெல் உமி.

இப்ப கணக்கு

சிமெண்ட், ஜல்லி, மணல், செங்கல் 7,800. கல்லுத்தூண் 3,600. வெல்டு மெஷ்ஷும் நைலான் வலையும் 6,400. ஓடும் கூரைச் சட்டமும் 3,200. ஆங்கிள், கதவு, வெல்டிங் 3,000. கொத்தனாரும் சித்தாளும் ரெண்டரை நாள், 4,500. மொத்தம் 28,500. உங்க ஊர் விலை கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்.

15 வருஷம் நிக்கும்னு வெச்சா வருஷத்துக்கு 1,900. பழைய கூண்டு 19 மாசத்துல 7,200 தின்னுச்சு, அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 4,550. "பாத்தீங்களா, பாதிக்கும் கீழ!"னு இங்கேயே முடிச்சா வீடியோவுக்கு நல்லா இருக்கும், ஆனா அது ஏமாத்து வேலை. நான் கூடுதலா போட்ட 21,300 ரூபாய் 7% வட்டிக்கு எஃப்டில கிடந்திருந்தா வருஷம் 1,500 கிட்ட வந்திருக்கும். பெயின்ட், நைலான் வலைனு பராமரிப்புக்கு ஒரு 500. எல்லாம் சேர்த்தா வருஷத்துக்கு 3,900. ஆக, கூண்டை மட்டும் பார்த்தா மிச்சம் வருஷத்துக்கு வெறும் 650 ரூபாய்.

உண்மையான பணம் அந்த ஒரு ராத்திரியில இருக்கு. 11 கோழி, ஒண்ணு 450னு வெச்சா 4,950. புதுக் குஞ்சு வளர்ந்து முட்டைக்கு வர ஆறு மாசம் ஆகும். அந்த ஆறு மாசத்துல கோழிக்கு 30 முட்டை, முட்டை 15 ரூபாய்னா இன்னொரு 4,950. ஆக 9,900. கூண்டு விலையைவிடக் கூண்டு விட்ட ஓட்டை அதிகம்.

வரவையும் சொல்லிடுறேன். அடைகாக்கிற நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முட்டை குடுத்தா 12 கோழிக்கு 720 முட்டை, 10,800 ரூபாய். வீட்டுல சாப்பிடுறதையும் சேர்த்துத்தான். தவிடு, சோளம், மருந்து 4,800 போனா மிச்சம் 6,000. கூண்டு தன் காசைத் திருப்பித் தர அஞ்சு வருஷம் கிட்ட ஆகும். அதனால வாடகை வீட்டுல இருக்கிறவங்க இதைக் கட்டவே கட்டாதீங்க, தூக்கிட்டுப் போற மாதிரி நாலு கோழிக்கு இரும்புக் கூண்டு போதும். சொந்த இடம் இருந்தும் கோழி வளர்த்துப் பழக்கம் இல்லாதவங்க முதல் வருஷம் அப்படியே ஆரம்பிக்கலாம்.

எவ்வளவு பலமான கூண்டும் வெள்ளைக் கழிச்சலைத் தடுக்காது. அது வந்தா மொத்தமும் ரெண்டே நாள்ல போயிடலாம். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துல தடுப்பூசி அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கங்க, செலவு ரொம்பக் குறைவு.

தளம் போட்ட பிறகு ஏழு நாள் தண்ணி காட்டணும். எல்லா வேலையும் முடிஞ்சதும் கோழியை விடுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி உள்ள லைட்டைப் போட்டு, வெளிய சுத்தி நடந்து பாருங்க. வெளிச்சம் கோடு மாதிரி கசியுற இடம்லாம் சந்து. எங்க கூண்டுல கதவுக்கு அடியில ஒரு இன்ச் தெரிஞ்சுது. மறுநாள் வெல்டர் வந்து ஒரு பட்டை வெச்சுட்டுப் போனார். அதுக்கு 150 ரூபாய் தனி.