பெரிய ஸ்பீக்கருக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர்

கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் ஒலிபெருக்கி கட்டிப் பழகிய திருவண்ணாமலையில் ஆம்ப்ளிஃபயர் எவருக்கும் புதிய பொருள் அன்று. ஆயினும் சவுண்ட் சர்வீஸ்காரர் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபயர், நெடுந்தூரம் ஓடும் கம்பியில் பல குழாய் ஸ்பீக்கர்களை இயக்குவதற்காக 100 வோல்ட் வரை மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்புவது. பேச்சு தெளிவாகக் கேட்டால் அதன் கடமை நிறைவேறிவிடுகிறது. வீட்டுக் கூடத்தில் இடுப்புயரத்துக்கு மேல் நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்களில் இசையை அதன் முழு ஆழத்தோடு கேட்க விரும்புவோருக்கு உயர்தர ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் தேவைப்படுகிறது. புதியதன் விலை பல நேரங்களில் லட்சத்தைத் தாண்டிவிடுவதால், சென்னை ரிச்சி தெருவிலோ தெரிந்தவர் வீட்டிலோ பழையதைத் தேடுவதே பலருக்குக் கட்டுப்படியாகிறது.

தேடுவோர் முதலில் கேட்பது எத்தனை வாட் என்பதைத்தான். அதைத் தீர்மானிக்க வேண்டியது ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட் மின்திறன் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழுகிறது என்னும் அளவு. அமெரிக்கரான பால் கிளிப்ஷ் 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் என்ற மிகப் பெரிய ஸ்பீக்கருக்கு உற்பத்தியாளர் தரும் அளவு 105 டெசிபல். இன்றைய கோபுர வடிவ ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு அது 87 அல்லது 88 தான். மூன்று டெசிபல் கூடுவதற்கு மின்திறன் இரு மடங்காக வேண்டும் என்பதால், முன்னது ஒரு வாட்டில் எழுப்பும் ஒலியைப் பின்னது எழுப்ப ஏறத்தாழ 60 வாட் தேவைப்படும். ஆகவே, பெட்டி பெரியது என்பதாலேயே ஆம்ப்ளிஃபயரும் பெரியதாக இருக்க வேண்டும் என்று எண்ணுவது சரியாகாது.

வாட்டைவிட முக்கியமானது, கேட்ட நேரத்தில் கேட்ட அளவு மின்னோட்டத்தைக் கொடுக்கும் திறன். எட்டு ஓம் என்று அச்சிடப்பட்ட ஸ்பீக்கரின் மின்மறுப்பு, தாழ்ந்த சுரங்களில் நான்கு ஓமுக்கும் கீழே இறங்கலாம். அப்போது அது இரு மடங்குக்கும் மேல் மின்னோட்டத்தை இழுக்கும். எண்பதுகளில் வந்த கிரெல் கேஎஸ்ஏ-50 ஆம்ப்ளிஃபயர் எட்டு ஓமில் 50 வாட்டும் நான்கு ஓமில் 100 வாட்டும் தந்தது. உள்ளே உறுதியான டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டர்களும் இருப்பதற்கு இத்தகைய இரட்டிப்பே சான்று. 1978-இல் வந்த என்ஏடி 3020, வெறும் 20 வாட் என்று குறிக்கப்பட்டிருந்தும் கடினமான ஸ்பீக்கர்களை இயக்கிப் பெயர் பெற்றது. மாறாக, ‘பிஎம்பிஓ’ என்ற கணநேர உச்சத் திறனாக ஆயிரக்கணக்கில் வாட் அச்சிட்ட பெட்டிகளின் எண்ணை ஒரு பொருட்டாகவே கொள்ள வேண்டியதில்லை.

மின்னோட்டம் தரும் இந்தத் திறனைச் செவியால் அறிய நம்மூர் பெரிய மேளமே போதும். தவிலின் தொப்பியில் கழி விழும் கணத்தில் ஒலி சராசரியைவிடப் பல மடங்கு எழுந்து உடனே அடங்குகிறது. வலந்தலையில் கூடு அணிந்த விரல்கள் எழுப்பும் சொற்கள் அதே வேளையில் தனித்தனியாக ஒலிக்க வேண்டும். மின்வழங்கி வலுவற்ற ஆம்ப்ளிஃபயரில் தொப்பி கொழகொழத்து, நாகசுரமும் அந்த அடியோடு சேர்ந்து கம்மிவிடும். நல்ல பதிவு ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, வழக்கமாகக் கேட்கும் அளவைவிடச் சற்றுக் கூட்டி வைத்துக் கேட்பது எந்த விளம்பரத் தாளையும்விட நம்பத்தக்கது.

பழையதற்கே உரிய இடர்களும் உண்டு. ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கான பெட்டிகள் 100 வோல்ட்டுக்கானவை. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அக்கணமே பழுதாகிவிடக்கூடும் என்பதால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். மின்பகுப்புக் கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் அனல் வீசும் இந்த ஊரில், ஓய்வாக இருக்கும்போதும் கொதிக்கும் கிளாஸ்-ஏ வகையைவிட, தேவைக்கேற்ப மின்சாரம் இழுக்கும் கிளாஸ்-ஏபி வகையே பொருத்தமானது. முன்பு பழுது பார்க்கப்பட்டதா என்பதும் அறியத்தக்கது: தோஷிபாவின் 5200, 1943 டிரான்சிஸ்டர்களுக்குப் போலிகள் சந்தையில் ஏராளம், அவற்றின் சாயம் கனத்த ஸ்பீக்கரின் சுமையில்தான் வெளுக்கும்.

வாங்குமுன் மூடியைத் திறந்து பார்க்க இசையாத விற்பனையாளரிடமிருந்து விலகிவிடுவது நல்லது. கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா, பலகையில் கருகிய தடம் உண்டா, திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தபின், மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு வழியாக இணைப்புக் கொடுக்க வேண்டும். பல்பு ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது, மங்காமல் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கக்கூடும். அதில் தேறியபின் நேரடி இணைப்பில், பாட்டும் ஸ்பீக்கரும் இல்லாமல், கால் மணி நேரம் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்து நேர்மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். அது 50 மில்லிவோல்ட்டுக்குள் அடங்குவது பொதுவாக ஏற்கத்தக்கது. வோல்ட் கணக்கில் காட்டினால் அந்த மின்சாரம் ஸ்பீக்கரின் சுருளைச் சுட்டெரித்துவிடும். பழுது நீங்கும்வரை எந்த ஸ்பீக்கரையும் இணைக்கலாகாது. அளவு சரியாக இருந்தாலும், முதல் ஒரு மணி நேரம் விலை குறைந்த பழைய ஸ்பீக்கர் ஒன்றில் ஓட்டிப் பார்த்த பிறகே பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கம்பியை மாற்றுவது நன்று.