இரண்டாவதாக வந்த செகண்ட்

‘செகண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘இரண்டாவது’ என்பது ஒரு பொருள். நிமிடத்தில் 60-இல் ஒரு பங்கு என்பது இன்னொரு பொருள். செகண்ட் ஷோவில் வருவதும் ‘ஒரு செகண்ட் இருங்க’ என்பதில் வருவதும் ஒரே சொல்தான். ஒலியில் மட்டும் ஒத்துப்போன இரு சொற்கள் அல்ல.

வேர் லத்தீன். பின்தொடர்வதைக் குறிக்கும் வினையிலிருந்து ‘செகுண்டுஸ்’ பிறந்தது. முதலாவதை அடுத்து வருவது என்று பொருள். பிரெஞ்சு வழியாக இது வந்துசேரும் வரை ஆங்கிலேயர் இரண்டாவதை ‘அதர்’ என்றே சொன்னார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை ‘எவ்ரி அதர் டே’ என்பது அந்தப் பழைய வழக்கின் எச்சம்.

நேரத்தில் முதலாவது எது, இரண்டாவது எது? பாபிலோனியர் 60-ஐ அடியாகக் கொண்டு கணக்கிட்டவர்கள். 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த வானியலாளர் தாலமி அம்முறையை எடுத்துக்கொண்டு, வட்டத்தின் 360 பாகைகளில் ஒவ்வொன்றையும் 60 கூறாக்கினார். அக்கூறு ஒவ்வொன்றையும் மறுபடி 60 ஆக்கினார். கிரேக்கத்தில் எழுதிய அவர் நூல் அரபிக்குப் போனது. அரபியிலிருந்து 12-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் டொலேடோ நகரில், கிரமோனா ஜெரார்ட் அதை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். லத்தீன் வானியலில் முதல் வகுத்தலில் கிடைத்தது ‘பார்ஸ் மினுதா ப்ரிமா’, முதல் நுண்கூறு. அடுத்தது ‘பார்ஸ் மினுதா செகுண்டா’, இரண்டாம் நுண்கூறு. நீண்ட பெயர்கள் வழக்கில் தேய்ந்தன. முன்னதில் ‘மினுதா’ மட்டும் தங்கி மினிட் ஆயிற்று. பின்னதில் ‘செகுண்டா’ தங்கிச் செகண்ட் ஆயிற்று. மினிட்டின் பெயரிலிருந்து ‘முதல்’ உதிர்ந்துவிட்டதால்தான், செகண்ட் எதற்கு இரண்டாவது என்பது மறைந்துபோனது. அரபியில் இன்றும் நிமிடம் ‘தகீகா’, நுண்மையானது. செகண்ட் ‘ஸானியா’, இரண்டாவது.

பாகைக்குச் செய்த இந்தக் கூறுபாட்டை மணிக்கும் செய்தார்கள். 1000-ஆம் ஆண்டையொட்டி வானியலாளர் அல்பிரூனி மூன்றாம், நான்காம் கூறுகள் வரை கணக்கிட்டார். அவை நிலைக்கவில்லை, செகண்டுக்குக் கீழே தசமப் பின்னம் வந்துவிட்டது. செகண்டும் நெடுங்காலம் வானியலாளரின் கணக்கேட்டில்தான் வாழ்ந்தது. 1656-இல் அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய பிறகே அதை நம்பி அளக்க முடிந்தது. நாளில் 86,400-இல் ஒரு பங்கு என்ற அளவு 20-ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. 1967 முதல் சீசியம்-133 அணுவின் கதிர்வீச்சில் 9,192,631,770 அலைவுகளுக்கு ஆகும் நேரமே ஒரு செகண்ட்.

செகண்டுக்குத் தமிழில் புழங்கும் சொற்களில் ‘நொடி’ உடம்பிலிருந்து வந்தது, கைவிரலை நொடிக்கும் நேரம். கண்ணிமையையும் நொடியையும் மாத்திரைக்கு அளவாகத் தொல்காப்பியம் சொல்கிறது. ‘விநாடி’யோ செகண்டைப் போலவே 60-ஆல் வகுத்துப் பிறந்த அளவு: நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாடி. ஆனால் அந்த விநாடி 24 செகண்ட் நீளமுடையது. பஞ்சாங்கத்தின் 10 விநாடி, கைக்கடிகாரத்தில் 4 நிமிடம்.