கம்ப்யூட்டரில் பறக்கும் கண்டாங்கி சேலை!

சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழச்சிவல்பட்டி, செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று. அங்கே ஒரு வீட்டு முற்றத்தில், கொடியில் கண்டாங்கி சேலை காய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். காற்று வீசுகிறது. சேலை உப்புகிறது, மடிகிறது, படபடக்கிறது.

காற்றுக்கு இது நொடிப்பொழுது வேலை. ஆனால், இதே சேலையைக் கம்ப்யூட்டர் கார்ட்டூன் படத்தில் பறக்க வைப்பது லேசான காரியம் அல்ல!

புள்ளியும் ஸ்பிரிங்கும்

கம்ப்யூட்டருக்குச் சேலை தெரியாது, எண்கள்தான் தெரியும். ஆகவே, சேலையை ஆயிரக்கணக்கான புள்ளிகளாகப் பிரிக்கிறார்கள். பக்கத்துப் புள்ளிகளைக் கற்பனை ஸ்பிரிங்குகளால் இணைக்கிறார்கள்.

காற்று தள்ளும். எடை கீழே இழுக்கும். ஸ்பிரிங் பிடித்து நிறுத்தும். இவற்றைக் கூட்டி, ஒவ்வொரு புள்ளியும் அடுத்த கணம் எங்கே இருக்கும் என்று கணக்கிட வேண்டும். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் அல்லவா?

சிதறும் சேலை

இப்போதைய இழுப்பை மட்டும் பார்த்துப் புள்ளியைத் தாவ விடுவது எளிய வழி. 18-ம் நூற்றாண்டுக் கணித மேதை ஆய்லர் காட்டிய வழி இது. ஆனால் இதில் ஓர் ஆபத்து!

பருத்தித் துணி எளிதில் மடியும், எளிதில் நீளாது. ஆகவே ஸ்பிரிங் மிக விறைப்பாக இருக்க வேண்டும். 1 அங்குலம் விலகிய புள்ளியை அது வெடுக்கென்று இழுக்கும். தாவல் பெரிதானால், புள்ளி தன் இடத்தைத் தாண்டி மறுபக்கம் 2 அங்குலம் போய்விடலாம். அடுத்த தாவலில் 4. பிறகு 8. பத்தாவது தாவலில் 1,024 அங்குலம். அதாவது 85 அடி! திரையில் சேலை வெடித்துச் சிதறும்.

தாவலைச் சிறிதாக்கினால் தப்பலாம். ஆனால் கணக்கு பெருகும். நேரமும் பணமும் கரையும்.

முன்யோசனை

1998-ல் அமெரிக்காவில் டேவிட் பராஃப், ஆண்ட்ரூ விட்கின் இருவரும் ஒரு முன்யோசனை வழியைத் துணிக்குக் கையாண்டு காட்டினார்கள். "போய்ச் சேரும் இடத்தில் இழுப்பு எவ்வளவு இருக்கும்?" என்று முன்பே கேட்டு, எல்லாப் புள்ளிகளின் கணக்கையும் ஒன்றாகத் தீர்ப்பதே அந்த வழி.

இப்போது அதே பெரிய தாவலில், 1 அங்குல விலகல் கால் அங்குலமாகும். அடுத்து, 16-ல் ஒரு பங்காகும். சேலை சிதறாது!

இதற்கும் ஒரு விலை உண்டு. தாவல் மிகப் பெரிதானால் துடிப்பு அடங்கி, சேலை ஈரத்துணி போல மந்தமாக அசையும். அளவறிந்து தாவ வேண்டும்.

துணிக்கணக்குக்காக இவ்விருவருக்கும் மைக்கேல் காஸ் என்பவருக்கும் 2006-ல் ஆஸ்கார் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடுத்த முறை கொடியில் சேலை படபடத்தால், சற்று நின்று பாருங்கள். விருது பெற்ற கணக்கைக் காற்று சும்மாவே போட்டுக்கொண்டிருக்கும்!