பரிசோதனை ரிப்போர்ட்டில் ஒளிந்திருக்கும் பெயர்: எட்வின் கிளெப்ஸ்

காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். சிறுநீர்த் தொற்றுக்காக 'கல்ச்சர்' டெஸ்ட் எடுத்துவிட்டு, ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நிற்கும் பெரியவர் ஒருவரையாவது காணலாம். அந்தத் தாளில் பல நேரங்களில் 'கிளெப்சியெல்லா நிமோனியே' என்று அச்சாகியிருக்கும். அது ஒரு பாக்டீரியாவின் பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு மனிதரின் பெயரும் இருக்கிறது. அவர்தான் ஜெர்மானிய மருத்துவ அறிஞர் எட்வின் கிளெப்ஸ். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போடப்படும் தடுப்பூசியிலும், நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையிலும் அவருடைய கதை வந்து முடிகிறது.

யார் இந்த கிளெப்ஸ்?

தியோடர் ஆல்பிரெக்ட் எட்வின் கிளெப்ஸ் 1834 பிப்ரவரி 6 அன்று பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். இன்று அந்நகரம் கலினின்கிராட் என்ற பெயரில் ரஷ்யாவில் இருக்கிறது. நோய்க்குறியியலின் தந்தை எனப் போற்றப்படும் ருடால்ஃப் விர்ச்சோவிடம் பயின்றார். 1861 முதல் பெர்லினில் அவருக்கு உதவியாளராகவும் இருந்தார். பிறகு பெர்ன், வூர்ட்ஸ்பர்க், பிராக், சூரிச் ஆகிய நகரங்களில் பேராசிரியராகப் பணியாற்றி, இறுதிக் காலத்தில் அமெரிக்காவின் சிகாகோ வரை சென்று கற்பித்தார். 1913 அக்டோபர் 23 அன்று பெர்ன் நகரில் காலமானார்.

நோய் என்பது உடலின் செல்களில் ஏற்படும் மாற்றம் என்று கற்பித்தவர் விர்ச்சோ. நுண்கிருமிகளே நோய்க்குக் காரணம் என்ற கருத்தை அவர் எளிதில் ஏற்கவில்லை. அந்த ஆசானின் மாணவரான கிளெப்ஸோ, கிருமிகளைத் தேடிப் புறப்பட்டார்.

போர்க்காயங்களில் தொடங்கிய தேடல்

1870-71ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் நடந்தது. குண்டடிபட்ட வீரர்களில் பலர், காயம் சீழ் பிடித்து, ரத்தத்தில் நஞ்சு ஏறி இறந்தார்கள். ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய கிளெப்ஸ், இறந்தவர்களின் காயத் திசுக்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எங்கும் நுண்கிருமிகள்! இவைதான் காயத்தை அழுகச் செய்கின்றன என்று 1872ல் எழுதினார்.

ஆனால் "கிருமி இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?" என்ற கேள்வி எழுமல்லவா? அதற்கும் அவர் ஒரு வழி கண்டார். ஆந்த்ராக்ஸ் நோய்க் கிருமிகள் கலந்த திரவத்தை நுண்துளைகள் கொண்ட களிமண் பாத்திரத்தின் வழியாக வடிகட்டச் செய்தார். வடிந்த திரவத்தை விலங்குகளுக்குச் செலுத்தியபோது நோய் வரவில்லை. வடிகட்டியில் தங்கிய கிருமிகளைச் செலுத்தியபோது நோய் வந்தது. கேட்பதற்கு எளிய சோதனைதான். நோய்க்குக் காரணம் திரவமா கிருமியா என்பதைப் பிரித்துக் காட்டியது அதுவே.

காசநோய் உள்ள பசுவின் பால் மூலம் அந்நோய் பரவ முடியும் என்பதையும் 1873ல் விலங்குகளில் சோதித்துக் காட்டினார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் கண்டறிந்தது 1882ல்தான். பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டு வழக்கம் எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இதிலிருந்து விளங்கும்.

பிள்ளைகளின் தொண்டையை அடைத்த நோய்

கிளெப்ஸின் பெயரை நிலைக்கச் செய்தது தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா. இந்நோய் வந்த பிள்ளையின் தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு படரும். அது மூச்சுப் பாதையை அடைக்கும். கிருமி வெளியிடும் நஞ்சு இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளைச் சில நாட்களுக்குள் பறிகொடுத்த பெற்றோர்கள் உண்டு.

1883ல் அந்தச் சவ்வில் தனித் தோற்றம் கொண்ட கோல் வடிவக் கிருமியைக் கண்டு கிளெப்ஸ் விவரித்தார். மறு ஆண்டே ஃபிரெட்ரிக் லோஃப்லர் அதைத் தனியே வளர்த்து, நோயை உண்டாக்குவது அதுதான் என நிறுவினார். ஆகவே 'கிளெப்ஸ்-லோஃப்லர் கிருமி' என்றே நெடுங்காலம் அது அழைக்கப்பட்டது. 1890ல் பேரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும் நஞ்சுமுறி மருந்துக்கு வழி கண்டார்கள். 1901ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பேரிங்குக்குக் கிடைத்தது. 1923ல் ரமோன் என்ற பிரெஞ்சு அறிஞர், நஞ்சை வலுவிழக்கச் செய்து தடுப்பூசியாக்கும் முறையைக் கண்டார்.

நம் ஊர்த் தறியில் பாவு போடுபவர் ஒருவர், சேலை நெய்பவர் வேறொருவர். கிளெப்ஸ் போட்டது பாவு.

தவறிய இடங்களும் உண்டு

கிளெப்ஸ் எதையும் அவசரமாக முடிவு செய்பவராகவும் இருந்தார். எல்லா பாக்டீரியாக்களும் நோய் உண்டாக்குபவை, எல்லா நோய்களுக்கும் பாக்டீரியாவே காரணம் என்று 1877ல் அறிவித்தார். இரண்டுமே தவறு. 1879ல் இத்தாலியின் சதுப்பு நிலத்தில் மலேரியாவுக்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். மறு ஆண்டே லவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர், மலேரியாவுக்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி என்று கண்டார். அது கொசுவின் உடலில் வளர்வதை 1897ல் நம் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தார்.

பெயர் மட்டும் அவருடையது

கிளெப்சியெல்லாவைக் கண்டுபிடித்தவர் கிளெப்ஸ் அல்ல. அவரைச் சிறப்பிக்கும் வகையில் இத்தாலிய அறிஞர் டிரெவிசான் 1885ல் சூட்டிய பெயர் அது. இந்தக் கிருமி மண்ணிலும் நீரிலும் நம் குடலிலும் பெரும்பாலும் தொல்லையின்றி வாழ்கிறது. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர், வென்டிலேட்டரில் இருப்பவர், எடை குறைந்து பிறந்த பச்சிளங்குழந்தை போன்றவர்களின் உடலுக்குள் நுழைந்தால் அதுவே உயிரைக் குடிக்கும்.

புது டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நாட்டு நோயாளி ஒருவரிடம் 2008ல் கண்டறியப்பட்ட கிளெப்சியெல்லா, கடைசி ஆயுதமாகக் கருதப்படும் 'கார்பபெனெம்' வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்கவில்லை. அதற்குக் காரணமான 'என்டிஎம்-1' என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010ல் 'லான்செட்' குழும இதழில் வெளியான ஆய்வு, சென்னையில் மட்டும் இந்த மரபணு கொண்ட 44 கிருமி மாதிரிகளைப் பதிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட ஆபத்தான பாக்டீரியாக்களின் பட்டியலிலும் இவ்வகை கிளெப்சியெல்லா மிக அவசரமான பிரிவில் உள்ளது.

நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, தடுப்பூசி. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட், 16 முதல் 24 மாதங்களுக்குள் ஒரு பூஸ்டர், 5 வயதைக் கடந்ததும் இன்னொரு பூஸ்டர், 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி. இவை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். "மூன்று ஊசி போட்டாயிற்றே, போதும்" என்று பலர் பூஸ்டரை விட்டுவிடுகிறார்கள். காலப்போக்கில் எதிர்ப்புச் சக்தி குறைவதால்தான் வளர்ந்த பிள்ளைகளையும் தொண்டை அடைப்பான் இன்றும் பிடிக்கிறது.

இரண்டாவது, ஆன்டிபயாடிக். சளி, சாதாரண ஜலதோஷம் ஆகியவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. தறியை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போகும் என்பதால், மெடிக்கலில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்பவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு மாத்திரை வலுவற்ற கிருமிகளைக் கொன்று, வலுத்தவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கிறது. நாளை நமக்கோ, நம் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கோ உண்மையிலேயே மருந்து தேவைப்படும்போது அது வேலை செய்யாமல் போகலாம். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்காதீர்கள். மருத்துவர் சொன்ன நாட்கள் வரை சாப்பிடுங்கள். மிச்சமானதை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்ணால் காண கிளெப்ஸின் தலைமுறை பாடுபட்டது. அதை வெல்லும் மருந்து நம் தலைமுறைக்குக் கிடைத்தது. அந்த மருந்து நம் பேரப்பிள்ளைகளுக்கும் வேலை செய்யுமா என்பது, இன்று நாம் மெடிக்கல் கடையில் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.