கோத்தபய போன பிறகும் தீராத கணக்கு

பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், நாடிழந்த சிங்கள இளவரசன் ஒருவன் கடல் தாண்டித் தொண்டை மண்டலத்துக்கு அடைக்கலம் தேடி வந்தான். பெயர் மானவர்மன். காஞ்சியில் நரசிம்மவர்மப் பல்லவனிடம் சேவகம் செய்தான், சாளுக்கியப் போரில் அவனோடு நின்றான், கடைசியில் பல்லவக் கப்பற்படையின் உதவியோடு திரும்பிப் போய் அனுராதபுரத்தில் அரியணை ஏறினான். இதைச் சொல்வது தமிழ் நூல் இல்லை, இலங்கையின் சூளவம்சம். நரசிம்மவர்மனின் இலங்கை வெற்றியைக் காசாக்குடிச் செப்பேடும் குறிக்கிறது. அந்தக் கப்பல்கள் மாமல்லபுரத்திலிருந்தே புறப்பட்டிருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. சென்னையை அடுத்த நாவலூரிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கரையில் நிற்கலாம்.

அந்தக் கதையில் இன்னொரு செய்தி உண்டு. மானவர்மன் வீழ்த்திய சிங்கள மன்னனை அரியணையில் உட்காரவைத்தவன் பொத்தகுட்டன் என்ற தமிழ்த் தளபதி. தமிழ் மன்னனின் படை சிங்கள இளவரசனுக்காகப் போரிட்டது, எதிரில் நின்ற சிங்கள மன்னனுக்குத் தமிழன் ஒருவன் துணையாக இருந்தான். அன்று அத்தீவில் ஆட்சி கவிழ்ந்தபோது மக்கள் மொழியால் இரண்டாகப் பிரிந்து நிற்கவில்லை. அந்தப் பிளவு பிற்காலத்தில் வளர்ந்தது. அதற்குச் சட்ட வடிவம் கிடைத்தது கடந்த நூற்றாண்டில்தான்.

2022 ஜூலையில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி, செஸ் ஒலிம்பியாடுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அதே நாட்களில் கொழும்பில் அரசு கவிழ்ந்தது. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். 13ஆம் தேதி அதிகாலை ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச விமானப்படை விமானத்தில் மாலத்தீவுக்குத் தப்பி, அங்கிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்தபடியே பதவி விலகினார். மாளிகையின் நீச்சல் குளத்தில் இளைஞர்கள் குதித்த காணொளி நாவலூர்த் தேநீர்க் கடைகளிலும் ஐ.டி. நிறுவனங்களின் உணவகங்களிலும் கைபேசிக்குக் கைபேசி தாவியது. பார்த்தவர்களில் பலர் சொன்னது ஒன்றுதான்: “2009க்கு இப்பத்தான் பதில் கிடைச்சிருக்கு.”

அந்த உணர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2009இல் இறுதிப்போர் நடந்த முள்ளிவாய்க்காலை மறக்க முடியாத யாருக்கும் அது இயல்பு. ஆனால் அந்தக் குளத்தில் குதித்தவர்கள் 2009க்கு நீதி கேட்டு வந்தவர்கள் அல்லர். 2019 நவம்பரில் 69 லட்சம் பேர் கோத்தபயவுக்கு வாக்களித்தார்கள். அவர்களில் பலர் 2022இல் கொழும்பின் காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்றார்கள். வரிகளைத் தாறுமாறாகக் குறைத்தது, 2021இல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்தைத் தடைசெய்து விளைச்சலைச் சரித்தது, கையிருப்பு டாலரைக் கரைத்தது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது — இவைதான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. அடுப்பு அணைந்ததால் எழுந்த கோபம் அது.

யாழ்ப்பாணத்தில் அந்தக் கோபம் அத்தனை வேகமாக மூளாததற்குக் காரணம் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் அவர்கள். மண்ணெண்ணெய், சவர்க்காரம், பேட்டரி எல்லாமே தடைசெய்யப்பட்டவை. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெய்க்காகக் கொழும்பு வரிசையில் நின்றபோது, வடக்கில் இருந்தவர்கள் தங்கள் இளமைக்காலத்தைத் திரும்பப் பார்த்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் தெற்கு தங்களுக்காகத் தெருவில் இறங்கவில்லை என்பதும் அவர்களுக்கு நினைவிருந்தது. கிளிநொச்சியில் கந்தசாமி கோயில் முன்பு 2017 பிப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்திருக்கிறார்கள். காலிமுகத்திடலில் முதல் கூடாரம் எழுந்தபோது அவர்களுடைய போராட்டம் ஐந்து ஆண்டுகளைக் கடந்திருந்தது.

இருந்தும் காலிமுகத்திடலில் ஒன்று நடந்தது, அதைப் பதிவு செய்யாமல் போவது அநியாயம். தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 2020 சுதந்திர தின விழாவில் கோத்தபய அரசு நிறுத்திவைத்த அதே தமிழ் கீதம். மே 18 அன்று, போரில் இறந்தவர்களுக்காக அங்கே விளக்கேற்றி, போரின் கடைசி நாட்களின் பட்டினியை நினைவூட்டும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைப் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த நாளைத் தெற்கு வெற்றி நாளாகவே கொண்டாடிவந்தது. கூடியவர்கள் சில நூறு பேராகவே இருக்கலாம். தலைநகரின் நடுவில், சிங்கள இளைஞர்கள் அந்தக் கஞ்சியைக் கையில் வாங்கிக் குடித்தார்கள்.

அதே மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் ஸ்டாலின் நிவாரணக் கப்பலை அனுப்பிவைத்தார். மொத்த உதவி 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, உயிர்காக்கும் மருந்துகள். இலங்கைத் தமிழர்களுக்கென்று தனியாக அனுப்பத்தான் தமிழக அரசு முதலில் நினைத்தது. எங்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டாம், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டார்கள். பசித்தவன் சிங்களவனா தமிழனா என்று பார்க்காத அந்தப் பெருந்தன்மைக்குக் கொழும்பு இன்னும் கைம்மாறு செய்யவில்லை என்பது என் கருத்து.

ஆட்சி விழுந்தபின் நடந்தது பலருக்கு ஏமாற்றம். 2020 தேர்தலில் ரணில் விக்ரமசிங்கவின் கட்சிக்கு நாடு முழுவதிலும் சேர்த்துக் கிடைத்தது தேசியப் பட்டியல் வழியாக ஒரே ஓர் இடம். அந்த ஓர் இடத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்தவரை, ஜூலை 20 அன்று, ராஜபக்சக்களின் கட்சி உறுப்பினர்கள் பெருமளவில் கைகொடுக்க, 134 வாக்குகளோடு ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ராணுவம் காலிமுகத்திடல் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. ஆனாலும், பங்களாதேஷில் 2024 ஆகஸ்டில் ஷேக் ஹசீனா தப்பியோடிய பின்பும், நேபாளத்தில் 2025 செப்டம்பரில் ஒலி அரசு விழுந்த பின்பும் இடைக்கால அரசுகள் அமைக்க வேண்டியிருந்தது. இலங்கையிலோ அரசியலமைப்பில் எழுதியிருந்தபடியே அடுத்தவர் வந்தார், ராணுவம் நாற்காலியில் உட்காரவில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. எழுபது சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் இறங்கியது. வரிசைகள் மறைந்தன.

2024 செப்டம்பரில் ஜே.வி.பி. தலைவர் அனுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் அவருக்குத் தந்தது ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். இரண்டே மாதத்தில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அதே யாழ்ப்பாணத்தில் அவருடைய தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடித்து, ஆறில் மூன்று இடங்களை வென்றது. தெற்கின் கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் அப்படி வென்றதில்லை. மொத்தம் 225இல் 159 இடங்கள், மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். தமிழ்க் கட்சிகளின் உட்பூசலில் சலித்த வாக்காளர் ஒரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் பார்த்தார்கள். 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சிக்குத் திரும்பினார்கள்.

ஏன் திரும்பினார்கள் என்பதில்தான் அந்த நாட்டின் எதிர்காலம் இருக்கிறது.

1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்க தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் மறு ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்க போட்டதும் காகிதத்தோடு நின்றது. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் வழியாக 13ஆவது திருத்தமும் மாகாண சபைகளும் வந்தன. அந்த ஒப்பந்தத்தைத் துப்பாக்கி தூக்கி எதிர்த்தது ஜே.வி.பி. இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களை 2006இல் உச்ச நீதிமன்றம் பிரித்ததும் ஜே.வி.பி. தொடுத்த வழக்கில்தான். அந்தக் கட்சி இன்று ஆட்சியில் இருக்கிறது. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. 2025 முடியும் வரை தேர்தல் இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. அதை நீக்குவோம் என்ற வாக்குறுதியோடு வந்தவர்களின் முதல் ஆண்டும் அது நீங்காமலே கழிந்தது. உரிமையை நிரூபிக்காவிட்டால் வடக்கில் கிட்டத்தட்ட ஆறாயிரம் ஏக்கர் காணியை அரசு எடுத்துக்கொள்ளும் என்று 2025 மார்ச்சில் அறிவித்தல் ஒன்று வந்தது. போரில் ஊர்விட்டு ஊர் ஓடியவர்கள் உறுதிப் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? வழக்கு உச்ச நீதிமன்றம் போனபின் அறிவித்தல் திரும்பப் பெறப்பட்டது.

யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். 1996இல் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவி அங்கே ராணுவக் காவலரணில் மறிக்கப்பட்டு, வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற ராணுவ வீரர், அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். மறு ஆண்டு தோண்டியதில் கிடைத்தவை 15 உடல்கள். அதோடு கோப்பு மூடப்பட்டது. 2025இல் பக்கத்திலிருக்கும் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. செப்டம்பருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். நீல நிறப் பள்ளிப் பை ஒன்று. ஒரு பொம்மை.

இந்த அரசுக்குப் புதைகுழி என்றால் என்னவென்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். 1994இல் சூரியகந்த புதைகுழி வெளிப்பட்டது. 2012இல் மாத்தளை மருத்துவமனை வளாகத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தபோது, அவர்கள் எங்கள் தோழர்கள் என்று ஜே.வி.பி. உரிமை கோரியது. சூரியகந்தவில் அழுத தாயும் செம்மணியில் அழும் தாயும் கேட்பது ஒரே கேள்வியை: என் பிள்ளையை யார் கொண்டுபோனது? இந்தக் கேள்விக்கு இரண்டு தாய்மாருக்கும் பதில் சொல்லும் தகுதியும் 159 இடங்களின் பலமும் இலங்கையில் முதல்முறையாக ஓர் அரசிடம் சேர்ந்திருக்கின்றன. சொல்லாமல் விட்டால், இனி வேறு யாராலும் அது ஆகாது என்றே நான் நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் 34 ஆண்டுகள் ராணுவம் மூடிவைத்திருந்த பலாலிச் சாலையைத் திறந்தது நல்ல தொடக்கம்தான். சாலையைத் திறக்க ஓர் உத்தரவு போதும். விசாரணையைத் திறக்க ராணுவத்தோடும் பௌத்த பீடங்களோடும் மோதும் துணிவு வேண்டும்.

இனி நம் பக்கம். 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாக இக்கரைக்கு வந்தார்கள். செங்கல்பட்டிலேயே நெடுங்காலம் ‘சிறப்பு முகாம்’ ஒன்று இருந்தது. வெளிநாட்டினர் சட்டத்தின் பெயரால் வழக்கு முடிந்தவர்களும் பிணை கிடைத்தவர்களும் அங்கே அடைக்கப்பட்டு, வெளியே விடச்சொல்லி உண்ணாவிரதம் இருந்திருக்கிறார்கள். இன்றும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழக முகாம்களில் வாழ்கிறார்கள். 2021இல் தமிழக அரசு அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, வீடுகள் கட்டிக்கொடுத்தது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணை போட்டது. தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ எங்கள் குடிமகன் என்பது வேறு. கும்மிடிப்பூண்டி, மண்டபம் முகாம்களில் பிறந்து, இங்கேயே பள்ளியும் கல்லூரியும் முடித்த பிள்ளைகள், கடவுச்சீட்டு இல்லாமல், அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் நிற்கிறார்கள்.

கொழும்பில் அரசு கவிழ்ந்த செய்தியை நாம் ஆவலோடு பார்த்தோம். இங்குள்ள அகதிகளில் திரும்பிப் போக விரும்புகிறவர்களுக்கு அங்கே காணியும் பாதுகாப்பும் உறுதியாக வேண்டும். அதை டெல்லி கொழும்பிடம் கேட்க வேண்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை வேண்டும். அதைக் கொடுக்க டெல்லி கொழும்பைக் கேட்க வேண்டியதே இல்லை. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இந்த இரண்டையும் அவரிடம் கேளுங்கள், பதில் வரும் வரை கேளுங்கள்.