திரையில் அரக்கு, தாளில் ராணி பிங்க்!

மானிட்டரில் அழகாகத் தெரியும் போட்டோ, பிரிண்ட் எடுத்தால் வேறு நிறத்தில் வருகிறதா? மானிட்டர் ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. பிரிண்டர் மையைக் கலந்து காட்டுகிறது. இரண்டும் ஒரே நிறத்தைப் பேச வைக்கும் மொழிபெயர்ப்பாளர்தான் கலர் புரொபைல் எனப்படும் சிறு பைல். 1993ல் அடோப், ஆப்பிள், மைக்ரோசாப்ட், கோடக் உள்ளிட்ட 8 நிறுவனங்கள் கூடி இதற்கென ஐ.சி.சி. என்ற அமைப்பைத் தொடங்கின. புரொபைல் பைல்களை ஐ.சி.சி. புரொபைல் என்று அழைப்பது இதனால்தான்.

கடப்பாக்கத்தில் என் மாமா சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஒரு கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் அரக்கு நிற முகூர்த்தப் புடவை ராணி பிங்க் ஆகிவிட்டது. பெண் வீட்டார் ஆல்பத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். "ஸ்கிரீன்ல சரியாத்தான்டா இருக்கு, பேப்பர்ல ஏன் இப்படி வருது?" என்றார் மாமா. நண்பர் ஒருவரிடமிருந்து கையடக்க ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போனேன்.

இதன் வேலை எளிமையானது. கம்ப்யூட்டர் அனுப்பும் நிறக் கட்டங்களைத் தாளில் அச்சிட வேண்டும். கருவி தன் விளக்கொளியை அக்கட்டங்களில் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும். கேட்ட நிறம் எது, வந்த நிறம் எது என்ற இந்தக் கணக்கைக் கொண்டு சாப்ட்வேர் புரொபைலைத் தயாரிக்கும்.

முதலில் நாசில் செக் எடுத்துப் பாருங்கள். கோடுகள் விட்டுப் போயிருந்தால் அளப்பதில் பயனில்லை. எங்களுக்குக் கோடுகள் சரியாக இருந்தன. சார்ட்டை அச்சிட்டோம், அளந்தோம், புரொபைலை நிறுவினோம். படத்தை அச்சிட்டால், புடவை முன்னைவிட மோசம்!

காரணம் டிரைவரில் இருந்தது. சார்ட் அச்சிடும்போது பிரிண்டர் டிரைவரின் நிறத் திருத்தத்தை நிறுத்தியிருந்தோம். படம் அச்சிடும்போது அது மீண்டும் இயங்கிக்கொண்டிருந்தது. போட்டோஷாப் புரொபைல்படி ஒருமுறை திருத்த, டிரைவர் தன் பங்குக்கு இன்னொரு முறை திருத்தியது. சர்க்கரை போட்ட காபியில் மறுபடியும் சர்க்கரை போட்ட கதை. புதிதாக இதில் இறங்குவோர் பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்.

போட்டோஷாப் பிரிண்ட் விண்டோவில் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, உங்கள் புரொபைலைச் சுட்டிக் காட்டவும். பின் டிரைவரின் பிராப்பர்ட்டீஸ் சென்று கலர் கரெக்ஷனை 'ஆப்' செய்திடவும். சில டிரைவர்களில் இது 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' என்றிருக்கும். பேப்பர் வகையும், குவாலிட்டியும் சார்ட் அச்சிட்டபோது இருந்தபடியே இருக்க வேண்டும்.

அதன்பின் புடவை அரக்கானது. ஆனால் வெளிர் நிறங்களில் லேசான அழுக்குத் தன்மை. பார்த்தால், மாமாவின் மேஜை கருப்பு! தாள் வழியே ஊடுருவும் ஒளியை மேஜை விழுங்கிவிடுவதால் கருவி குறைத்தே அளக்கிறது. சார்ட்டுக்கு அடியில் அதே வெள்ளைத் தாள் நான்கை வைத்து மறுபடி அளந்தோம். இன்னொன்று, மை காயாமல் அளக்காதீர்கள். கடல் காற்றின் ஈரத்தில் மை உலர நேரமாகும் என்பதால் நான் சார்ட்டை ஓர் இரவு விட்டுவிட்டேன். கருவியை நிதானமாக, ஒரே வேகத்தில் இழுக்கவும். அளக்கும் முன் அதன் வெள்ளை ஓட்டில் காலிபரேட் செய்திட மறக்க வேண்டாம்.

சோதனைக்கு ஆலம்பரைக் கோட்டைப் படம் ஒன்றை அச்சிட்டோம். செங்கல் செங்கலாகவே வந்தது. ஆல்பத்தின் பக்கங்களை மாமா மறுபடி அச்சிட்டுக் கொடுக்க, பெண் வீட்டார் வாங்கிக்கொண்டார்கள்.

மை கம்பெனியையோ தாளையோ மாற்றினால் புரொபைலும் புதிதாக வேண்டும். அதனால் பைலின் பெயரிலேயே தாளின் பெயரையும் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் மாதம் பத்துப் படம் அச்சிடுபவர் இந்தக் கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. நல்ல போட்டோ பேப்பர் தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளங்களில் புரொபைலை இலவசமாகவே தருகிறார்கள். உங்கள் பிரிண்டர் மாடலுக்கு உரியதை டவுன்லோட் செய்து, அதில் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் புரொபைல்' கொடுத்தால் போதும்.